தீர்ப்புக்குப் பின் பத்து மாதச் சிறை: செரோக்கி நிலத்தில் சாமுவேல் வூஸ்டர்

1832 மார்ச் 3 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், சாமுவேல் வூஸ்டர் என்ற மிஷனரிக்கு விதிக்கப்பட்ட தண்டனையை ரத்து செய்தது. அவரைச் சிறைக்கு அனுப்பிய ஜார்ஜியா மாநிலச் சட்டமே செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 1833 ஜனவரி 14 அன்று. நடுவில் பத்து மாதமும் பதினொரு நாளும் கழிந்திருந்தன.

ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு வரியைத்தான் பதிலாகச் சொல்வார்கள். "ஜான் மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், இனி அவரே அதை நிறைவேற்றிக்கொள்ளட்டும்" என்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியைப் பற்றி அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் சொன்னாராம். அந்த வரி அச்சில் வந்தது 1864இல், ஹொரஸ் கிரீலி என்ற பத்திரிகையாளரின் நூலில். ஜாக்சன் 1845இலேயே இறந்துவிட்டார். அவருடைய மனப்போக்கோடு அந்த வரி பொருந்துகிறது என்பது உண்மைதான். ஆனால் சிறைக் கதவு ஏன் திறக்கவில்லை என்பதை அது விளக்குவதில்லை. அதற்கான விடை, எந்த நீதிமன்றம் எந்தக் கட்டத்தில் யாருக்கு உத்தரவிட முடியும் என்ற நடைமுறை விதிகளுக்குள் கிடக்கிறது.

முதலில் நிலத்தின் நிலைமை. செரோக்கி என்ற பழங்குடி மக்கள் அமெரிக்காவோடு 1785இல் ஹோப்வெல்லிலும் 1791இல் ஹோல்ஸ்டனிலும் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். எஞ்சிய நிலம் அவர்களுடையது என்று மத்திய அரசு உறுதியளித்திருந்தது. அதே மத்திய அரசு 1802இல் ஜார்ஜியா மாநிலத்துக்கு இன்னொரு வாக்குறுதியும் கொடுத்தது. ஜார்ஜியா தன் மேற்குப் பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும். பதிலுக்கு மத்திய அரசு 12.5 லட்சம் டாலர் தருவதோடு, ஜார்ஜியா எல்லைக்குள் பழங்குடியினருக்கு உள்ள நில உரிமையை அமைதியாக, நியாயமான விலைக்கு வாங்கிக் கொடுக்கும். ஒரே நிலத்தைப் பற்றி இருவருக்கு இரண்டு வாக்கு. 1820களில் செரோக்கியர் இனி ஓரடி நிலமும் விற்பதில்லை என்று முடிவெடுத்ததும் இரண்டும் நேருக்கு நேர் மோதின.

1825இல் நியூ எகோட்டாவைத் தலைநகராக்கினார்கள். 1827இல் தங்களுக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டார்கள். அதன்பின் அவர்கள் நிலத்தில் தங்கம் கிடைத்தது. 1829இல் வெள்ளையர் கூட்டம் கூட்டமாகப் புகுந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜார்ஜியா ஒரு சட்டம் இயற்றி, 1830 ஜூன் 1 முதல் செரோக்கிச் சட்டங்கள் எதுவும் செல்லாது என்று அறிவித்தது. வெள்ளையர் தரப்பாக இருக்கும் வழக்கில் செரோக்கியர் சாட்சி சொல்வதற்கும் தடை வந்தது. இந்தத் தடை பத்திரத்தையும் வேலியையும்விட முக்கியமானது. ஒருவன் வீடு புகுந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போனால், பார்த்த அத்தனை பேரும் செரோக்கியர் என்றால், வழக்கே கிடையாது. 1830 மே 28 அன்று, பழங்குடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் ஜாக்சன் கையெழுத்திட்டார். பிரதிநிதிகள் சபையில் அது 102க்கு 97 என்ற கணக்கில்தான் தப்பிப் பிழைத்தது.

வூஸ்டர் இந்த இடத்துக்கு வந்தது 1825இல். 1798இல் பிறந்து வெர்மான்டில் வளர்ந்தவர். ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் படித்தவர். அவரை அனுப்பியது பாஸ்டனில் இருந்த அமெரிக்க அயல்நாட்டு மிஷன் சங்கம். யாழ்ப்பாணத்தார் 'அமெரிக்கன் மிஷன்' என்று அறிந்திருப்பதும் இதே சங்கத்தின் கிளையைத்தான். 1816இல் யாழ்ப்பாணத்தில் காலூன்றி 1823இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கிய அந்தச் சங்கம், 1817இல் டென்னசியில் செரோக்கியருக்காக பிரெய்னெர்ட் நிலையத்தை அமைத்தது. சங்கத்தின் முதல் செயலாளர் பெயரும் சாமுவேல் வூஸ்டர்தான். நம் வூஸ்டரின் சித்தப்பா. யாழ்ப்பாணத்துக்கு முதல் குழு கப்பலேறியது அவர் செயலாளராக இருந்த காலத்தில். 1821இல் பிரெய்னெர்டைப் பார்க்க வந்த இடத்தில் அவர் இறந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் புரவலர் பெயர் சூட்டும் வழக்கம் இரண்டு ஊரிலும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கரோல் விசுவநாதபிள்ளை என்றால், செரோக்கி நாட்டில் பக் வேட்டி என்ற இளைஞர் எலையஸ் பூடினாட் ஆனார்.

இந்தப் பூடினாட்டும் வூஸ்டரும் சேர்ந்து செய்த வேலைதான் ஜார்ஜியாவின் கண்ணை உறுத்தியது. செக்கோயா என்ற செரோக்கியர் 1821 வாக்கில் தன் மொழிக்கு ஓர் எழுத்துமுறையை உருவாக்கி முடித்திருந்தார். ஒவ்வொரு குறியும் ஓர் அசை. நம் உயிர்மெய்யைப் போல என்று கொள்ளலாம். ஆனால் க, கா, கி என்பவற்றுக்கு இடையே உள்ள உருவ ஒற்றுமை அதில் கிடையாது. 86 குறிகளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். இருந்தும் சில ஆண்டுகளுக்குள் அது நாடெங்கும் பரவிவிட்டது. அந்த எழுத்துக்கு பாஸ்டனில் அச்சு வார்க்க வூஸ்டர் ஏற்பாடு செய்தார். 1828 பிப்ரவரி 21 அன்று 'செரோக்கி ஃபீனிக்ஸ்' முதல் இதழ் நியூ எகோட்டாவில் வெளிவந்தது. ஆசிரியர் பூடினாட். ஆங்கிலமும் செரோக்கியும் கலந்த அந்த இதழ் வழியாக, ஜார்ஜியாவில் நடப்பது வடக்கு மாநிலங்கள் வரை தெரியவந்தது. மிஷனரிகள்தான் இவர்களைத் தூண்டுகிறார்கள் என்று ஆளுநர் ஜார்ஜ் கில்மர் நம்பினார். செரோக்கியருக்குச் சொந்தமாக ஒரு மூளை உண்டு என்பதை அவரால் ஏற்க முடியவில்லை என்றே நான் இதை வாசிக்கிறேன்.

1830 டிசம்பர் 22 அன்று வந்த சட்டம் இதற்கான பதில். 1831 மார்ச் 1க்குப் பின் செரோக்கி எல்லைக்குள் வசிக்கும் எந்த வெள்ளையரும் ஆளுநரிடமிருந்து அனுமதிச் சீட்டு பெற்றிருக்க வேண்டும். ஜார்ஜியாவின் அரசியலமைப்பையும் சட்டங்களையும் ஆதரித்துக் காப்பேன், அதன் குடிமகனாக நேர்மையாக நடந்துகொள்வேன் என்று சத்தியம் செய்திருக்க வேண்டும். மீறினால் குறைந்தது நான்கு ஆண்டு கடுங்காவல். பெண்களுக்கும் 21 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளுக்கும் மத்திய அரசின் முகவர்களுக்கும் விலக்கு உண்டு. இதை அமலாக்கவும் தங்கச் சுரங்கங்களைக் காவல் காக்கவும் 60 பேருக்கு மிகாத ஒரு படையும் அமைக்கப்பட்டது. அதுவே ஜார்ஜியா காவற்படை.

வெறும் சத்தியம்தானே, செய்துவிட்டு ஊழியத்தைப் பார்த்திருக்கலாமே என்று தோன்றும். சிலர் அப்படியே செய்தார்கள். ஆனால் அந்த வாசகத்தைச் சொன்ன கணமே, தான் நிற்கும் மண் ஜார்ஜியாவுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். செரோக்கியர் தந்த அனுமதியோடும் மத்திய அரசின் ஒப்புதலோடும் அங்கே குடியிருந்த ஒருவர், அந்த இரண்டையும் தன் வாயாலேயே மறுத்ததாகிவிடும். சட்டம் அமலுக்கு வருவதற்குள்ளாகவே அதன் போக்கு தெரிந்துவிட்டிருந்தது. 1830 டிசம்பர் 29 அன்று மிஷனரிகள் நியூ எகோட்டாவில் கூடி, செரோக்கியரை வெளியேற்றுவது தவறு என்று வெளிப்படையாகத் தீர்மானம் போட்டார்கள்.

1831 மார்ச்சில் காவற்படை வூஸ்டரை முதல் முறை கைது செய்தது. குவின்னெட் மாவட்ட நீதிபதி அகஸ்டின் கிளேட்டன் அவரை விடுவித்தார். காரணம் சுவையானது: வூஸ்டர் நியூ எகோட்டாவின் தபால் அதிகாரியும்கூட. ஆகவே மத்திய அரசின் முகவர்; சட்டத்திலேயே அவருக்கு விலக்கு இருக்கிறது. மற்ற மிஷனரிகளுக்கும் மத்திய அரசின் கல்வி நிதியைச் செலவிடுகிறவர்கள் என்ற வகையில் அதே விலக்கு கிடைத்தது. கில்மர் உடனே வாஷிங்டனுக்கு எழுதினார். வூஸ்டரின் தபால் வேலை பறிக்கப்பட்டது. மற்ற மிஷனரிகளைத் தன் முகவர்களாகக் கருதவில்லை என்று மத்திய அரசும் கைவிரித்தது. ஒரு மாநிலம் தொடுத்த வேட்டைக்கு மத்திய அரசு வேலியைப் பிரித்துக் கொடுத்தது இந்த இடத்தில்தான். ஜாக்சன் நிர்வாகத்தின் பங்கைத் தேடுகிறவர்கள் 1832 தீர்ப்புக்குப் பின்னால் தேடுவதைவிட இங்கே தேடுவது நல்லது.

மே மாதம் ஆளுநர் பத்து நாள் கெடு வைத்தார். வூஸ்டரின் மனைவி ஆன் பிரசவத்துக்குப் பின் நோயில் கிடந்தார். அவரை விட்டு நகர முடியாது என்று வூஸ்டர் பதில் எழுதினார். ஜூலை 7 அன்று மீண்டும் கைது. ஹாவைஸ் நிலையத்து மருத்துவ மிஷனரி எலைசர் பட்லரும் பிடிபட்டார். பட்லரின் கழுத்தில் சங்கிலி மாட்டி, மறுமுனையைக் குதிரையோடு பிணைத்து நடத்திப் போனார்கள். ஜாமீனில் வெளிவந்த வூஸ்டர் மாநில எல்லைக்கு வெளியே தங்கியிருந்த நாட்களில், ஆகஸ்ட் மாதம், அவருடைய கைக்குழந்தை இறந்தது.

செப்டம்பர் 15 அன்று லாரன்ஸ்வில் ஊரில் விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பதினொரு பேர். ஜூரிகள் கால் மணி நேரத்தில் முடிவுக்கு வந்தார்கள். மறுநாள் அனைவருக்கும் நான்கு ஆண்டு கடுங்காவல். மில்லெஜ்வில் சிறை வாசலிலேயே ஆளுநர் மன்னிப்பை நீட்டினார்: சத்தியம் செய், அல்லது மாநிலத்தை விட்டுப் போ. ஒன்பது பேர் ஏற்றார்கள். வூஸ்டரும் பட்லரும் மறுத்து உள்ளே போனார்கள்.

அவர்கள் மறுத்ததில் மனசாட்சிக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு வழக்கின் தேவைக்கும் உண்டு. செரோக்கியருக்கு அப்போது உச்ச நீதிமன்றத்துக்குள் நுழைய வழியே இல்லை. 1830இல் கார்ன் டாசல் என்ற செரோக்கியருக்கு ஜார்ஜியா நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் விளக்கம் கேட்டு ஆணை அனுப்பியும் அதை மதிக்காமல் டிசம்பர் 24 அன்று தூக்கிலிட்டார்கள். செத்தவருக்காக மேல்முறையீடு நடத்த முடியாது. அந்த வழக்கு அங்கேயே மடிந்தது. அடுத்து செரோக்கி நாடே நேரடியாக ஜார்ஜியா மீது வழக்குப் போட்டது. செரோக்கியர் வெளிநாடும் இல்லை, மாநிலமும் இல்லை, 'உள்நாட்டுச் சார்பு நாடு' என்று 1831 மார்ச்சில் சொன்ன தலைமை நீதிபதி மார்ஷல், அதனால் தன்னிடம் நேரடியாக வழக்குத் தொடுக்க அவர்களுக்கு உரிமையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். இனி வேண்டியது வேறு மாதிரியான ஒரு மனுதாரர். அவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், மாநில நீதிமன்றத்தில் தண்டனை பெற்றிருக்க வேண்டும், மன்னிப்பை ஏற்காமல் உள்ளேயே இருக்க வேண்டும். மன்னிப்பை ஏற்றுவிட்டால் தீர்த்துவைக்கத் தகராறே இருக்காது.

வழக்கை நடத்தியவர்கள் வில்லியம் வர்ட், ஜான் சார்ஜென்ட். 1832 தேர்தலில் வர்ட் ஒரு சிறு கட்சியின் அதிபர் வேட்பாளர். சார்ஜென்ட், ஜாக்சனை எதிர்த்து நின்ற ஹென்றி கிளேயின் துணை அதிபர் வேட்பாளர். ஜாக்சன் தரப்பு இதைக் கட்சி அரசியலாகப் பார்த்ததற்கு இதுவும் காரணம். பிப்ரவரியில் வாதம் நடந்தபோது ஜார்ஜியா தரப்பில் ஒரு வழக்கறிஞர்கூட வரவில்லை. வந்தால் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றதாகிவிடும் என்பது அவர்கள் நிலை.

தீர்ப்பை எழுதியவர் மார்ஷல். நீதிபதி பால்ட்வின் மட்டும் மாறுபட்டார். ஐரோப்பிய அரசர்கள் கொடுத்த பட்டயங்கள் என்ன தந்தன என்பதிலிருந்து மார்ஷல் தொடங்குகிறார். கடலுக்கு அப்பால் இருந்த ஓர் அரசன், தான் பார்த்தேயிராத நிலத்தையும் அதன் மக்களையும் தானமாகக் கொடுத்துவிட முடியாது. பட்டயம் தந்ததெல்லாம், பழங்குடியினர் விற்க முன்வந்தால் மற்ற ஐரோப்பியருக்கு முன்னால் வாங்கும் உரிமை மட்டுமே. பிறகு ஒப்பந்தங்களைச் சொல் சொல்லாகப் பிரிக்கிறார். ஹோப்வெல் ஒப்பந்தத்தில், செரோக்கியரின் 'எல்லா விவகாரங்களையும்' அமெரிக்கா நிர்வகிக்கும் என்று ஒரு தொடர் வருகிறது. ஜார்ஜியாவுக்கு மிகவும் சாதகமான தொடர் இது. வணிகத்தைப் பற்றிய பிரிவில் வருவதால் அது வணிக விவகாரங்களையே குறிக்கும் என்று மார்ஷல் வாசித்தார். ஆங்கிலம் படிக்காத ஒரு மக்கள், போகிற போக்கில் வரும் ஒரு சொல்லின் வழியாகத் தங்கள் ஆட்சியையே எழுதிக் கொடுத்தார்கள் என்று கொள்ள முடியாது. வலியவரின் பாதுகாப்பை ஏற்பதால் எளியவர் தன்னாட்சியை இழப்பதில்லை. முடிவு: செரோக்கி நாடு தனக்கென நிலமும் எல்லையும் கொண்ட தனிச் சமூகம், அங்கே ஜார்ஜியாவின் சட்டங்களுக்கு எந்த வலுவும் இல்லை.

இனி, கதவு திறக்காத கதை. உச்ச நீதிமன்றம் சிறை அதிகாரிக்கு நேராக உத்தரவு அனுப்பவில்லை. 1789ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, மாநில நீதிமன்றத்தின் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கை அதே நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் தானே நிறைவேற்ற உத்தரவிட வேண்டுமானால், வழக்கு ஏற்கெனவே ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்டிருக்க வேண்டும். அதாவது மாநில நீதிமன்றம் முதலில் கீழ்ப்படிய மறுக்க வேண்டும். அந்த மறுப்பு ஆவணமாக வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி வாஷிங்டன் போக வேண்டும். மார்ச் மாதம் ஜார்ஜியா நீதிமன்றம் விடுவிக்க மறுத்தது; ஆனால் மறுப்பு என்று எழுத்தில் எதையும் பதியவில்லை. அதற்குள் உச்ச நீதிமன்றத்தின் அமர்வு முடிந்துவிட்டது. அடுத்த அமர்வு 1833 ஜனவரியில்தான்.

ஆட்கொணர்வு மனு போட்டிருக்கலாமே? அதுவும் அடைபட்டிருந்தது. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி மத்திய நீதிபதிகள், மத்திய அரசின் காவலில் இருப்பவரைத்தான் வரவழைத்து விடுவிக்க முடியும். மாநிலச் சிறையில் இருப்பவர் அவர்கள் கைக்கு எட்டாதவர். ஆக, 1832 கோடையில் ஜாக்சன் நிறைவேற்றுவதற்கு அவர் மேசையில் எந்த நீதிமன்ற உத்தரவும் இல்லை. ஏப்ரல் 7 அன்று நண்பர் ஜான் காஃபிக்கு எழுதிய கடிதத்தில், தீர்ப்பு செத்தே பிறந்துவிட்டது, ஜார்ஜியாவைப் பணியவைக்க அதனால் முடியவில்லை என்று அவர் எழுதினார். அவர் கையால் எழுதிய வரி இது. தீர்ப்பை நிறைவேற்ற அவருக்கு விருப்பமில்லை என்பதில் ஐயமில்லை. விதிகளே அவருக்கு அந்த வேலையை மிச்சப்படுத்திக் கொடுத்தன.

நவம்பரில் காற்று திசை மாறியது. மத்திய அரசின் சுங்க வரிச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று தென் கரோலினா அறிவித்தது. ஜாக்சன் டிசம்பர் 10 அன்று அதைக் கடுமையாக எதிர்த்துப் பிரகடனம் வெளியிட்டார். மத்திய அதிகாரத்தை மாநிலம் மீறக்கூடாது என்று தென் கரோலினாவிடம் சொல்லிக்கொண்டு, பக்கத்து மாநிலமான ஜார்ஜியா உச்ச நீதிமன்றத்தை மீறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மிஷனரிகளோ ஜனவரியில் மீண்டும் உச்ச நீதிமன்றம் போகப்போவதாக அறிவித்திருந்தார்கள். போனால் ஜார்ஜியாவும் தென் கரோலினாவோடு சேர்ந்துவிடலாம். புதிய ஆளுநர் வில்சன் லம்ப்கினை ஜாக்சனின் ஆட்கள் நெருக்கினார்கள். டிசம்பரிலேயே ஜார்ஜியா அந்த அனுமதிச் சீட்டுச் சட்டத்தை நீக்கியது. பாஸ்டனில் மிஷன் சங்கத்தின் குழு கிறிஸ்துமஸ் அன்று கூடி, வழக்கைக் கைவிடுவது நல்லது என்று முடிவெடுத்தது.

ஜனவரி 8 அன்று வூஸ்டரும் பட்லரும் ஆளுநருக்கு எழுதினார்கள். தங்கள் கருத்து மாறவில்லை. ஆனால் வழக்கைத் தொடர்வது நாட்டுக்குத் தீங்காகலாம் என்பதால் கைவிடுகிறோம் என்றார்கள். அதன் தொனி லம்ப்கினுக்குப் பிடிக்கவில்லை. மரியாதைக் குறைவாக எதுவும் எண்ணவில்லை என்று மறுநாள் இன்னொரு கடிதம் எழுத நேர்ந்தது. 14ஆம் தேதி விடுதலை. ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து, மார்ச் 2 அன்று, தென் கரோலினாவை மனத்தில் வைத்து ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அதன் 7ஆம் பிரிவு, மத்தியச் சட்டத்தின்படி நடந்ததற்காக மாநிலச் சிறையில் அடைக்கப்பட்டவரையும் மத்திய நீதிபதிகள் ஆட்கொணர்வில் வரவழைக்கலாம் என்றது. வூஸ்டருக்கு இல்லாமல் போன அதே சாவி.

அவர்கள் பணிந்துவிட்டார்கள் என்று குற்றம் சாட்ட எனக்கு மனம் வரவில்லை. பதினாறு மாதம் கடுங்காவல் இருந்தவர்கள். உள்நாட்டுப் போர் மூளுமோ என்று எல்லோரும் அஞ்சிய நேரம். ஆனால் விலையைக் கொடுத்தவர்கள் செரோக்கியர். அவர்களுக்கு இருந்த ஒரே உயிருள்ள வழக்கு அந்தக் கடிதத்தோடு மறைந்தது. 1832லேயே ஜார்ஜியா அவர்கள் நிலத்தை 160 ஏக்கர் மனைகளாகவும், தங்கம் கிடைக்கும் இடங்களை 40 ஏக்கர் மனைகளாகவும் பிரித்துக் குலுக்கல் முறையில் வெள்ளையருக்கு வழங்கத் தொடங்கியிருந்தது. வூஸ்டர் குடியிருந்த மிஷன் வீடும் குலுக்கலில் ஒருவருக்கு விழுந்தது. 1834இல் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டார்.

தீர்ப்பு வந்த பிறகும் எதுவும் மாறவில்லை என்று கண்ட பூடினாட்டும் ரிட்ஜ் என்ற செரோக்கித் தலைவரின் குடும்பத்தாரும், போய்விடுவதே வழி என்ற முடிவுக்கு வந்தார்கள். 1835 டிசம்பர் 29 அன்று ஒரு சிறு குழு, முதன்மைத் தலைவர் ஜான் ராஸின் ஒப்புதல் இல்லாமலே, 50 லட்சம் டாலருக்கு நிலத்தை எழுதிக் கொடுத்தது. அமெரிக்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கை ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தாண்டி அந்த ஒப்பந்தம் நிறைவேறியது. 1838, 1839 ஆண்டுகளில் சுமார் 16,000 பேர் மேற்கே விரட்டப்பட்டார்கள். அவர்களோடு மருத்துவராக நடந்தவர்களில் பட்லரும் ஒருவர். முகாம்களிலும் வழியிலுமாக நாலாயிரம் பேர் இறந்ததாக இன்றும் சொல்லப்படும் கணக்கு அவருடைய மதிப்பீட்டிலிருந்து வருவது. 1839 ஜூன் 22 அன்று பூடினாட், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்காகச் செரோக்கியராலேயே, மேற்கே பார்க் ஹில் என்ற ஊரில் வூஸ்டரின் வீட்டருகே வெட்டிக் கொல்லப்பட்டார். வூஸ்டர் அங்கேயே அச்சகம் நடத்தி, செரோக்கி மொழியில் வேதாகமப் பகுதிகளும் பஞ்சாங்கமும் அச்சிட்டுக்கொண்டிருந்து 1859இல் இறந்தார்.

1992இல் ஜார்ஜியாவின் மன்னிப்பு வாரியம் வூஸ்டருக்கும் பட்லருக்கும் மன்னிப்பு வழங்கியது. நல்லெண்ணத்தில் செய்தது என்றாலும், சிறை வாசலில் அவர்கள் மறுத்த அதே மன்னிப்பு அது. 1832 தீர்ப்பின்படி மன்னிக்க அங்கே குற்றமே இல்லை.

தீர்ப்பு இன்றும் வழக்குகளில் எடுத்தாளப்படுகிறது. பழங்குடி நிலத்தில் நடந்த வணிகத்துக்காகப் பழங்குடியினர் மீது போடும் கடன் வழக்கை மாநில நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று 1959இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது வூஸ்டர் வழக்கையே அடித்தளமாகக் கொண்டது. 2020இல், ஓக்லஹோமாவின் கிழக்குப் பகுதியில் உள்ள மஸ்கோகி நாட்டின் ஒதுக்கீட்டு நிலம் சட்டப்படி ஒருபோதும் கலைக்கப்படவில்லை என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது. அதே தர்க்கத்தில் செரோக்கி நிலமும் உயிர்பெற்றது. இரண்டே ஆண்டில், 2022 ஜூன் 29 அன்று, செரோக்கிக் குழந்தை ஒன்றைக் கவனிக்காமல் புறக்கணித்த வழக்கில் மீண்டும் 5க்கு 4. பழங்குடி நிலத்தில் பழங்குடியினருக்கு எதிராகப் பிறர் செய்யும் குற்றங்களை மத்திய அரசோடு மாநிலமும் விசாரித்துத் தண்டிக்கலாம் என்ற பெரும்பான்மை, வூஸ்டர் வழக்கின் பார்வையை நீதிமன்றம் எப்போதோ கைவிட்டுவிட்டது என்றது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி நீல் கோர்சச் 1832இலிருந்து தொடங்கினார். இப்போதைக்குச் சட்டம் நிற்கும் இடம் அதுதான்: குற்றம் செய்தவர் பழங்குடியினர் அல்லாதவர் என்றால் மாநிலம் உள்ளே வரலாம், பழங்குடியினர் மீதான அத்தகைய கடன் வழக்குகள் இன்னும் அவர்களுடைய நீதிமன்றத்துக்கே உரியவை.